அண்ணி வைக்காத போன்

எங்கள் அண்ணி இருபத்தொன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பஸ் ஓட்டுகிறவன். வாய் நீளம். சாலையில் குறுக்கே வருகிறவனிடம் காட்டும் அதே கோபத்தைச் சபையிலும் காட்டுவேன். ஆண்டவர் ஒருவரிடம் மட்டுமே ஜெபிக்க வேண்டும், இறந்துபோன பரிசுத்தவான்களிடம் போய் நிற்பது தவறு என்பது எங்கள் சபையின் போதனை. அந்தத் தலைப்பில் பேச ஆள் வேண்டுமென்றால் போதகர் என்னைத்தான் கூப்பிடுவார். முப்பது வருஷமாக நான் பேசி வந்த பேச்சு அது.

அண்ணி பிறந்த வீடு அப்படிப்பட்டதல்ல. அங்கே சுவரெல்லாம் புனிதர்கள். என் அண்ணன், கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்குச் சில்லு தேய்க்கிற பரமசாது, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அண்ணி கொண்டுவந்த பெட்டியில் உள்ளங்கை அளவு படம் ஒன்று இருந்தது. இயேசுவை வளர்த்த தச்சர், சூசையப்பர். அதை அடுப்படி அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா. சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏன் அண்ணி, கடவுள்கிட்ட நேராப் பேச வழி இருக்கும்போது நடுவுல ஒரு ஆள் எதுக்கு?"

"இதைப் போயி ஒரு ஆபரேட்டர்கிட்ட கேக்குறீங்களே தம்பி. எங்க பொழப்புல கை வைக்கிறீங்க."

அண்ணன் சிரித்துப் புரையேறிவிட்டான். நான் விடவில்லை.

"அந்த மனுஷன் வேதத்துல ஒரு வார்த்தை கூடப் பேசினது கிடையாது. அவர்கிட்டப் போயி என்னத்தைச் சொல்வீங்க?"

"அதனாலதான் எனக்கு அவரைப் பிடிக்கும். ஆபரேட்டர் குறுக்க பேசக் கூடாது தம்பி. கேக்கணும், சேர்த்து விடணும், லைன்லேருந்து இறங்கிக்கணும். உங்க முழங்கால் வலிக்கு நீங்க சபையில அத்தனை பேரையும் ஜெபிக்கச் சொல்றீங்களே, அது மட்டும் என்னவாம்?"

"அவங்க உயிரோட இருக்காங்க."

"என் ஆளும் உயிரோடதான் இருக்காரு. செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு ஞாயித்துக்கிழமை தவறாம கத்துறது நீங்கதான். பின்ன என்ன சந்தேகம்? கொழம்பு ஊத்திக்கோங்க."

இதற்குப் பதில் இருக்கிறது. சபையில் பத்து நிமிஷம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு ஏனோ வாயில் சோறு இருந்தது.

வாய்ச் சண்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் வீட்டு ஜெபத்துக்குச் சபையார் வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்குள் நான் அடுப்படிக்குப் போய் அந்தப் படத்தை எடுத்து, பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் சொருகி வைத்தேன். அண்ணி பார்த்தார். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். மறுநாள் அந்தப் படம் அவருடைய கைப்பைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. நான் செய்தது அசிங்கம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

படம் எங்கே போனது என்பது ஒரு முறை அண்ணிக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபோது தெரிந்தது. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், பழைய நோயாளிகளின் கோப்புகள் அடுக்கிய கூடத்துக்கு அடுத்து, ஜன்னல் இல்லாத ஒரு அறை. இரண்டு நாற்காலி, இரண்டு டெலிபோன் போர்டு. சுவரில் முந்நூறு நம்பர்கள் ஒட்டியிருந்தன. அண்ணி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை, எல்லாம் விரலிலேயே இருந்தன. தலையில் மாட்டும் போன் அழுத்தி அழுத்தி அவருடைய வகிடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. போர்டுக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவே, சூசையப்பர்.

பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் படு வேகம். அழைப்பு வரும், நம்பரை அழுத்துவார், கையை எடுத்துவிடுவார், அடுத்தது. அண்ணி அப்படியில்லை. அழைத்தவரிடம், "லைன்லயே இருங்க, நானும் இருக்கேன்," என்பார். மறுமுனையில் யாராவது எடுத்து வாய் திறக்கும் வரை அவரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த வார்டு, அதற்கடுத்த நர்ஸ் அறை என்று தேடுவார். குரல் கேட்டதும், "பேசுங்க" என்று ஒரே சொல். உடனே இறங்கிவிடுவார். அதற்கு மேல் ஒரு மூச்சு கூட ஒட்டுக் கேட்க மாட்டார்.

இதனால் அவருடைய கணக்கில் அழைப்புகள் குறைவு. மேலதிகாரி ஒரு நாள் வந்து நின்று, "ஏம்மா, அவங்க பாதி நேரத்துல முடிக்கிறாங்க, உங்களுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், இங்க கூப்பிடுறவங்க யாரும் பொழுது போகாமக் கூப்பிடல. எடுக்காத போனுக்குப் பக்கத்துல அவங்களைத் தனியா விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. வேற வேலை குடுத்தாலும் சரி."

மேலதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு போனவர்தான். இதை எனக்குச் சொன்னது பக்கத்து நாற்காலிக்காரர். அண்ணி தன்னைப் பற்றித் தானாக எதையும் சொல்ல மாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், என் மனைவி நிறைமாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று நான் தொலைதூர வண்டிக்குப் போய்விட்டேன். ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த பணிமனையில் மத்தியானம் வண்டியை நிறுத்தி இறங்கும்போது, நேரம் குறிப்பவர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். வீட்டிலிருந்து போன் வந்ததாம். வலி முன்னதாகவே எடுத்து, இரத்தப்போக்கு நிற்காமல், ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவருடைய மேஜையிலிருந்தே அண்ணியின் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன், அங்கேதான் சேர்த்திருந்தார்கள்.

அண்ணிதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் 'வணக்கம்' கூடச் சொல்லவில்லை.

"தம்பி, உள்ளதான் இருக்காங்க. உங்க அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. உள்ள போன் அடிச்சா இப்போ எடுக்க மாட்டாங்க, ஆனா அடிச்சிட்டே இருக்கேன். லைன்லயே இருங்க. நானும் இருக்கேன்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் சபையில் நீளமாக ஜெபிப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. நான் எழுந்து நின்றால் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு சொல் வரவில்லை. 'ஆண்டவரே' என்பது கூட வரவில்லை. முப்பது வயசில் முதல் முறையாக எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை.

"அண்ணி, எனக்கு வரல. எனக்காக நீங்க கேளுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மணிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம். மூடும் சத்தம். அவர் தன் புனிதரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடட்டும் என்றும் நினைத்தேன். கல்லையும் மரத்தையும் கூப்பிட்டால் கூட அன்றைக்கு எனக்குச் சரிதான்.

"ஆண்டவரே," என்றார் அண்ணி. "இவரு உங்ககிட்ட நேராப் பேசுறவரு. இன்னிக்குப் பேச முடியாம நிக்கிறாரு. அவருக்குப் பதிலா நான் பேசுறேன். உள்ள ரெண்டு உயிரு இருக்கு. வேற ஒண்ணும் கேக்கல. நாங்க லைன்ல இருக்கோம்."

அவ்வளவுதான். சூசையப்பர் பெயர் வரவேயில்லை. அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. மணி அடிக்கும், தானாக அறுந்துபோகும், அவர் மறுபடி போடுவார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். "பேசுங்க," என்றார் அண்ணி. சட்டென்று அவருடைய மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது, இறங்கிவிட்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள், பெண் குழந்தை என்ற செய்தியைக் கூட அவர் கேட்கக் காத்திருக்கவில்லை. அவருக்கு அது எனக்கு வந்த அழைப்பு.

இழுப்பறைச் சங்கதியைப் பக்கத்து நாற்காலிக்காரர் பிறகு சொன்னார். அண்ணி படத்தை எடுத்து உள்ளே வைத்தாராம். "கொஞ்ச நேரம் உள்ள இருங்க அப்பா, அவருக்கு நீங்க இருந்தாப் பிடிக்காது," என்று எனக்குக் கேட்காமல் பேசும் முனையைப் பொத்திக்கொண்டு சொன்னாராம். உயிர் போகிற நேரத்தில், தனக்கு இருந்த ஒரே துணையை எனக்காக எடுத்து உள்ளே வைத்த மனுஷியை நினைத்து நான் அன்றைக்குப் பிரமித்துப் போனேன். இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை. அவர் படத்தை நான் ஒளித்தேன். என் மனசுக்காக அவரே அதை ஒளித்தார். இரண்டும் ஒரே காரியம் போலத் தெரியும்.

"ஏன் அண்ணி அப்படிச் செஞ்சீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்க அழைப்பு தம்பி அது. உங்க வழியாத்தானே போகணும்."

நான் என் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சைச் சபையில் தொடர்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தேன், என்ன, குரல் கொஞ்சம் இறங்கியது.

போன வருஷம் அண்ணிக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு அடியோடு போயிற்று. ஊர் முழுக்கப் பேச்சைச் சேர்த்துவிட்டவருக்கு ஒரு சொல் இல்லை. அண்ணன் கண்ணாடிக் கடையை விட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே இருந்தான். ஒரு மாதம் கழித்து, தனிக்குடித்தனம் போயிருந்த என்னை வரச் சொல்லி ஆள் விட்டான். போனேன். அண்ணி இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் காட்டினார். இரண்டு தெரு தள்ளி அவருடைய கோவில் இருக்கிறது.

"சூசையப்பர்கிட்டப் போகணுமாம்," என்றான் அண்ணன். "நான் போறேன்னேன். வேணாமாம். உன்னைத்தான் காட்டுறா."

சிலைக்கு முன்னால் போய் நின்றால் முப்பது வருஷம் நான் பேசியது என்ன ஆவது? போகாவிட்டால் அந்த நாற்பது நிமிஷம் என்ன ஆவது? அண்ணி கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மணி இருக்கும். கோவிலுக்குள் பெருக்குகிற அம்மாவைத் தவிர யாருமில்லை. பக்கவாட்டில் சூசையப்பர் சிலையாக நின்றிருந்தார், கையில் தச்சர் மட்டம், ஒரு விரல் உடைந்து உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. நான் முழங்கால் போடவில்லை. பணிமனையில் மேஜையில் கையை ஊன்றி நின்றது போல முன்னாலிருந்த பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"நான் உங்ககிட்ட எதுவும் கேக்க வரல," என்றேன். "அண்ணி அனுப்பினாங்க. என்ன கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது, அவங்களால சொல்ல முடியல. நான் சேர்த்து மட்டும் விடுறேன். லைன்லயே இருங்க. நானும் இருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அண்ணியின் தொழிலில் அப்படிப் போகக் கூடாது. யாராவது எடுக்கும் வரை நிற்க வேண்டும். நின்றேன். பெருக்குகிற அம்மா, "காலைத் தூக்குங்க," என்று சொல்லி என் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். முழங்கால் வலித்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அது வந்தது. தினமும் காலையில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நேராக ஆண்டவரிடம் பேசும்போது, சில நாள், எல்லா நாளும் அல்ல, என் பேச்சு நின்று எதிரில் ஒரு அமைதி கவியும். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி. அதை நான் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வேன், முப்பது வருஷப் பழக்கம். அதுவேதான் அங்கே இருந்தது. வேறொன்றல்ல. அதற்கு மேல் அங்கே நிற்பது ஒட்டுக் கேட்பது என்று தோன்றியது.

"பேசுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணி புருவத்தை உயர்த்தினார்.

"போனை வச்சிட்டு வரல அண்ணி. எடுக்குற வரைக்கும் நின்னேன்."

யார் எடுத்தது என்பது போலப் பார்த்தார்.

"எங்க ஆளுதான்," என்றேன்.

அண்ணியின் முகத்தில் ஒரு பாதிதான் இப்போது சிரிக்கும். அந்தப் பாதி சிரித்தது. பிறகு இடது கையை மெதுவாகக் காதுவரை கொண்டுபோய், அங்கே இல்லாத போனைத் தலையிலிருந்து கழற்றி, போர்வை மேல் வைத்தார்.