சிவப்புக் காருக்கு நாலு டயர்

ரிட்டையரான கையோடு நைனா ஒரு சிவப்புக் கார் வாங்கினார். பழைய வண்டிதான். ரெண்டே கதவு, தரையில் படுத்துக் கிடப்பது போன்ற உடம்பு. யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளை ஓட்டிச் சலித்து விற்றது.

நைனா வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளின் நடுவே, ரோட்டுக்கு மேலே எங்கோ உயரத்தில் உட்கார்ந்து, முன்னால் நிற்பவன் நகரக் காத்திருந்தே அவர் ஆயுசில் பாதி போயிற்று. எதற்கு இந்த வயதில் இந்தக் கார் என்று கேட்டேன்.

"ஒரு தபா தரையோட தரையா போய்ப் பாக்கணும்மா," என்றார். 

அம்மா அந்தக் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல ஏறணும்னா மொதல்ல படுக்கணும் போலகீது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலையில் குனிந்து குனிந்து அவள் முதுகு போய்விட்டிருந்தது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கினாலே கண்ணை மூடிக்கொள்வாள்.

முதல் மழைக்குத் திருவொற்றியூர் வளைவில் கார் வழுக்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் பார்த்தால் நாலு டயரும் மொட்டை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத் தண்டையார்பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். அம்மா வந்தது, அங்கிருந்து மார்க்கெட்டுக்குப் போகலாம் என்பதற்காக.

கடைக்கார பாய் நைனாவின் பழைய தோஸ்து. மழை விட்ட வெயில் கடைக்குள் சாய்ந்திருந்தது. அடுக்கி வைத்த டயர்களின் நடுவே அந்த வெளிச்சம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆடியது. புது ரப்பர் வாசனை. நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டு கோயிலுக்குள் நடப்பவர் போல நடந்தார்.

பாய் ரெண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார். ஒன்று அகலமானது, பக்கவாட்டு ரப்பர் ஒல்லி. போட்டால் சக்கரம் முழுக்க ரிம்மாகத் தெரியும். "ரோட்டை அப்டியே கவ்விக்கும் அண்ணே. மழையிலயும் நல்லா நிக்கும். ஆனா பள்ளம் வந்தா நேரா இடுப்புக்கு வரும்," என்றார். இன்னொன்று சாதாரணமாக இருந்தது. பக்கவாட்டு ரப்பர் தடிமன், மெத்தென்று போகும்.

நைனாவின் கை அகலமான டயரின் வரிகளில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"நைனா, அம்மா முதுகு," என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். "ஆமாம்மா. பாய், அந்த மெத்துனு கீறதையே போட்டுடு." குரலில் வருத்தத்தைக் காட்டவில்லை. வெளியே நின்றிருந்த காரை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ரெண்டு டயரையும், மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்ப்பாளே, அந்தக் கவனத்தோடு பார்த்தாள்.

"இதான் சோக்கா கீது," என்று அகலமானதைத் தொட்டாள். "அந்த வண்டிக்குப் போய் மெத்துனு கீறதப் போட்டா மாட்டுக்கு மனுசன் செருப்பு மாட்டுனா மாதிரி இருக்கும்."

"உனுக்கு வலிக்கும்மே," என்றார் நைனா.

"வலிக்கிறது எனுக்குத்தானே. நான் பாத்துக்கறேன். பாய், இதையே போடு."

பாய் சிரித்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார். எனக்குத்தான் கோபம். இவள் எப்போதும் இப்படித்தான், அவருக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

டயர் மாட்டி முடித்ததும் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் மடங்கிக் கிடந்தேன். ஞாயிறு என்பதால் எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் குறைவு. வலது பக்கம் பாறைகளுக்கு அப்பால் கடல் கூடவே வந்தது. ஒவ்வொரு பள்ளமும் எலும்பில் கேட்டது. நைனா மாட்டு வண்டி போல உருட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சொன்னாள்: "ஏன்யா இப்டி போற? வேகமா போயேன்."

நைனா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான் சொல்றேன். போ."

நைனா மிதித்தார். டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தது. கப்பல்கள் நகராமல் நின்றன, உப்புக் காற்று உள்ளே புகுந்தது, மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் மேகத்தோடு மேகமாக மிதந்தன. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தலைமுடி என் முகத்தில் வந்து அடித்தது. அவள் அதைக் கட்டிக்கொள்ளவே இல்லை. கண்ணையும் மூடவில்லை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அவளுக்கும் இது வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அம்மாவால் நிமிர முடியவில்லை. நான் தைலம் தேய்த்துத் திட்டினேன். அவள் குப்புறப் படுத்தபடி, மீஞ்சூர் தாண்டிப் போனால் பழவேற்காடு வரைக்கும் ரோடு நன்றாக இருக்கிறதாமே என்று கேட்டாள்.