மணலில் இறங்காத நாற்காலி

என் புருஷனின் கால் படகுக்கு அடியில் சிக்கி நசுங்கிய பிறகு, அவர் இனி எதற்கும் ஆகமாட்டார் என்று குப்பமே முடிவு கட்டிவிட்டது. கரையில் நின்று மீன் கூட்டம் வருவதைப் பார்த்து, எந்தப் பக்கம் வலை வளைப்பது என்று சொல்கிறவர் அவர். நிற்க முடியாதவர் எப்படிப் பார்ப்பார்? மணலில் உட்கார்ந்தால் முன்னால் எழும் அலைதான் தெரியும். அமாவாசை கழிந்ததும் அந்த வேலை என் கொழுந்தனுக்கு என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

நான் தோணி தைக்கிறவர் வீட்டுப் பெண். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் பழகிய கை. கோட்டைக்கு மீன் கொண்டுபோகும்போது ஒல்லாந்து துரையின் கருங்காலி நாற்காலியைப் பார்த்திருந்தேன். அதே மாதிரி நான்கு நேர்க்கால் வைத்து, ஆள் உயரத்துக்கு ஒன்று செய்தேன். கடற்கரையில் போட்டு அவரை ஏற்றினோம். நாற்காலியின் கால்கள் மணலுக்குள் இறங்க, துரை மாதிரி உட்கார்ந்திருந்தவர் மெல்லச் சாய்ந்து என் மேலேயே விழுந்தார்.

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசப்பட்ட கதை" என்று வலை இழுக்கிறவர்கள் சிரித்தார்கள்.

"நல்லா சிரிங்க. வாய்ல மண்ணு பூந்துரப் போவுது" என்றேன்.

துரைக்குக் கல்தளம், எங்களுக்கு மணல். அதைக்கூட யோசிக்காமல் செய்த என் மேல்தான் எனக்கு ஆத்திரம். குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் உப்பேரிச் சேற்றில் எத்தனை காற்று அடித்தாலும் கண்டல் மரம் அசையாது. இடுப்பிலிருந்தே வேர்களை வளைத்து இறக்கிச் சேற்றைக் கவ்விக்கொண்டு நிற்கும். காய்ந்த கண்டல் வேர்களை வெட்டி வந்து, அந்த மரம் நிற்கிற மாதிரியே அகட்டி வைத்து, முன்போலவே ஆள் உயரத்துக்குத் தைத்தேன். உடைந்த படகின் பலகையை இழைத்து, திருக்கை மீன் விரிந்து கிடப்பதுபோல இருக்கை வைத்தேன். அவர் கெட்ட காலை நீட்டிக்கொள்ள அதில் இடம் இருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் கொழுந்தன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா அண்ணி இது, நண்டா மரமா?"

"உக்கார்ற சாமான். கேள்வி கேக்காம உங்கண்ணன தூக்கு."

தூக்கி வைத்தான். நாற்காலி ஒரு விரல்கூட இறங்கவில்லை. இவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலையே பார்த்தார். கீழே நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வடக்கால தண்ணி கருக்குது, மீன் கூட்டந்தான். படகை எறக்கு" என்று கத்தினார். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

வலையை இழுக்கப் பெண்களும் இறங்க வேண்டியதாயிற்று. அத்தனை காணாங்கெளுத்தி. என் கையில் கயிறு அறுத்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. நான் சிரித்துக்கொண்டே இழுத்தேன்.

பெரியவர் நாற்காலிக்குக் கீழே வந்து நின்று, என் புருஷனை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொரு வலை வளைக்கலாமாடா?"

"இரு நைனா. பாத்துச் சொல்றேன்."

சிரித்த ஆட்கள் உட்பட, கரை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.