எண்ணெய்க்குக் கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. போட்டவள் நான்தான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வேலை கேட்டு வருகிறவரிடம், முதல் சந்திப்பில் 'செக்யூரிட்டி' என்ற சொல்லை எங்களில் யார் எடுத்தாலும், எடுத்தவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். இந்தச் சட்டத்துக்கு முன்னால் எங்கள் ஆட்களின் வழக்கம் வேறு. வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள், மீசையையும் முதுகையும் பார்த்து, எந்த கேட்டில் நிறுத்தலாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆவடியில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன சேவை மையம் அது. மாஜி ராணுவத்தினருக்கு வேலை தேடித் தருவது அதன் பணி. அதற்கு வரும் புது ஊழியர்களைப் பழக்குவது என் பணி. ஆவடியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டு காம்பவுண்டில்தான் விழும். பின்னாலேயே திட்டும் வரும். அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

டீ சட்டத்துக்கு அடுத்தபடியாக இன்னொன்றும் வைத்திருந்தேன். ஒருவரை வேலைக்கு அனுப்பும் முன் அவர் வீட்டுக்கு ஒரு முறை போய், வீட்டில் இருப்பவர்களிடம் பேசிவிட்டு வர வேண்டும். புது ஆட்களுக்கு இது பிடிக்காது. "வேலைக்குப் போகப்போறது அவருதானே மேடம், அவர் பொண்டாட்டியா?" என்பார்கள். இருபது வருஷம் உத்தரவு வாங்கிப் பழகிய மனுஷன் தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார், வீட்டில் கேட்டால்தான் ஆளைத் தெரியும் என்று வகுப்புக்கு வகுப்பு தொண்டை கிழியச் சொல்வேன்.

ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டு ஓனரே மாஜி ராணுவம். திருமுல்லைவாயிலில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் அவர் வீடு. கீழே அவரும் மனைவியும், மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு. அவர் ஓய்வு பெற்று வரும் வரை அது சொர்க்கம். வந்த பிறகு செருப்புகள் வரிசையில் நின்றன. தண்ணீர் மோட்டாருக்கு நேரம் வந்தது. நான் குழாயைத் திறந்தால் கீழே அவர் காதில் விழும். இன்றுவரை எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஓனரம்மா மாடி ஏறி வந்தாள். பயிற்சி கொடுக்கிறவள் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் டீச்சர். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், இவருக்கு ஒரு வேலை பார்த்துக் குடுங்க. தீபாவளிக்குள்ள கெடைக்கலன்னா நான் பெங்களூர்ல பொண்ணு ஊட்டுக்குப் போயிடுவேன். பரண்லேருந்து பெட்டியை எறக்கிட்டேன்."

பென்ஷன் வருகிறதே என்றேன். பணமா பிரச்சனை என்று பிடித்துக்கொண்டாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் எங்கோ மலையில் இருந்த வருஷங்களில் மனையை வாங்கியது அவள். கொத்தனாரோடு சண்டை போட்டு வீட்டை எழுப்பியது அவள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அம்மை, கல்யாணம் எல்லாம் அவளே பார்த்தது. இப்போது அவர் வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டார். டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டிவிட்டார். தன் வீட்டில் புளி எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மளிகையை அலமாரியில் வைத்துப் பூட்டி, காலையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுத்துக் கொடுக்கிறார்.

"எண்ணெய் வாங்கினா நோட்டுல கையெழுத்துப் போடணுமாம், டீச்சர். நான் கட்டின ஊட்டுல, எண்ணெய்க்கு நான் கையெழுத்து!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. கோபத்தில் சொன்ன சொல் இல்லை. அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று தெரிந்தது. பயிற்சி கொடுப்பவர்கள் நேரடியாக ஆட்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் மையத்தில் விதி, அதிலும் இவர் என் ஓனர். அதனால், அவரை மையத்துக்கு அனுப்புங்கள், எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் விழுந்தது, பாடி என்ற ஊரிலிருந்து வரும் ஒரு பழகுநர் பெண்ணிடம். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முன்பு போனில் கடன் விற்றவள். தெரியாமல் போனை எடுத்தவர்கூட லோன் வாங்காமல் வைக்க முடியாது என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவளுக்கு நான் கற்றுத்தர வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடு. அதற்கே எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

அவர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். தேய்த்த சட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் பைல். பழகுநர் பேசும்போது நான் பின்னால் உட்கார்ந்து பேசாமல் பார்க்க வேண்டும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், மேல பைப்பை மூடிட்டு வந்தீங்களா?"

பக்கத்து மேஜைகள் சிரிப்பில் குலுங்கின. மூடிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

ராணுவத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று பாடிக்காரி கேட்டாள். கேட்டுவிட்டு, புண்ணியவதி, வாயையும் மூடிக்கொண்டாள். அவர் இருந்த ஊர்களை வரிசையாக ஒப்பித்தார். வேலையைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டதற்கு, சிப்பாய் வேலைதான், வேறென்ன என்று மேஜையைப் பார்த்தார். அவள் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கடைசியில் அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதுக்கும்மா சுத்தி வளைக்கிற? ஒரு செக்யூரிட்டி வேலை போட்டுக் குடு."

மொத்த அறையும் சிரித்துவிட்டது. வந்தவரே சொன்னால் சட்டம் செல்லுமா செல்லாதா என்று அங்கேயே வழக்கு தொடங்கியது. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னோம். சிரிக்கவில்லை மனுஷன். சட்டம்னா சட்டம் என்று எழுந்து, அலமாரி மேலிருந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, நாங்கள் தடுக்கத் தடுக்கக் கீழே இறங்கிவிட்டார்.

நெடுநேரம் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு பிளாஸ்க்கோடு வீட்டுக்கே போய்விட்டாரோ என்று எனக்கு உதறல். பிறகு வந்தார். ஊற்றிக் கொடுத்தார். எங்கள் கீழ்க்கடை டீ, கழுவின தண்ணீருக்கு அக்கா முறை. அன்றைக்கு வந்த டீயைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டீ மாஸ்டரை ஒதுங்கி நிற்கச் சொல்லி, பழைய தூளைக் கொட்டிவிட்டு, பால் பாத்திரத்தைத் தேய்க்க வைத்து, அவரே போட்டாராம். பாடிக்காரி டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன் சார் என்றாள்.

மறுநாள் அவள் வந்தபோது ஓனரம்மா என்னையும் மாடியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். சாட்சிக்காம். எண்ணெய் நோட்டைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். சீட்டு ஒட்டிய டப்பாக்களைக் காட்டினாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

பாடிக்காரி நோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் திருப்பினாள், இன்னொரு பக்கம் திருப்பினாள்.

"சார், இது ரெண்டு பேருக்குப் போடற கணக்கு மாதிரி இல்லியே. அங்க எத்தினி பேருக்கு ஆக்கினீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடினாள். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானூறு," என்றார். "ஒரு வேளைக்கு."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. முதலில் கரண்டி, பிறகு மொத்தச் சமையற்கூடமும் அவர் பொறுப்பு. பனியில் வெங்காயம் கல்லாக உறைந்துபோகும். சுத்தியலால் உடைக்க வேண்டும். பருப்பு வேகவே வேகாது. கீழேயிருந்து லாரி வர முடியாத வாரங்களில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பண்ணவில்லை என்றால் அத்தனை பேரும் பட்டினி. பொங்கலன்று அங்கே எப்படியோ வெல்லம் தேடி, பஞ்சாபிப் பையன்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் போட்டாராம். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. என்னிடம் பேசியதெல்லாம் பைப்பைப் பற்றித்தான்.

ஓனரம்மா வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ரேஷன் பக்கம் ஏதோ வேலை என்றுதான் அவளுக்கே தெரியும். ஏன் இத்தனை நாளாக இதைச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"லீவுல வந்தா தெருவே வந்து நின்னு, எத்தினி பேரை சுட்டேன்னு கேட்டுது. கரண்டி புடிச்சேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள் அவள். "நீங்க ஆக்கிப் போட்டதைத் துன்னுட்டுத்தான அவங்க சுட்டாங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்து பின்பக்கம் போனார். மோட்டாருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அடுத்த நாள் பாடிக்காரியின் வாய்க்கு நான் விடுதலை கொடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை எங்களிடம் கேட்டிருந்ததோ, வாசல் கேட்டில் நிற்க ஆள். இவள் போனில் அவர்களுடைய கேன்டீனைப் பற்றி விசாரித்தாள். மூன்று ஷிப்டும் சாப்பாட்டைப் பற்றிப் புகார், இருந்த மேனேஜரும் போய்விட்டார் என்பது தெரிந்ததும், பழைய லோன் விற்ற தொழில் முழுதாக எழுந்து நின்றது. எதிர்முனை மூன்று முறை போனை வைக்கப் பார்த்தது. முடியவில்லை. ஒரு வாரம் வந்து நடத்திக் காட்டட்டும் என்றார்கள். அவர் போனார். அந்த வாரக் கடைசியில் மீதமாகிக் குப்பைக்குப் போகிற சோறு பாதியாகக் குறைந்ததாகச் சொல்லி, கேன்டீன் மேனேஜர் வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பெட்டி பரணுக்குப் போயிற்று. ஏற்றிக் கொடுத்தவர் என் கணவர்.

மேனேஜராக முதல் நாள், விடிந்ததும் அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பால் வாங்கக் கீழே இறங்கினேன். ஓனரம்மா மூன்று அடுக்கு டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில் எண்ணெய் நோட்டு.

"இந்தாங்க. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துகினு போங்க."

அவர் அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஸ்கூட்டர் சீட்டின் மேல் நோட்டை வைத்துப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டு, டிபன் பாக்ஸை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பும்போது அந்த மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேன்டீனையே நடத்தப் போகிறவருக்கு எதற்கு அம்மா டிபன் பாக்ஸ், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி என்று கேட்டேன். அவள் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருவுல எல்லாரும் புருஷனுக்கு டிபன் பாக்ஸ் கட்டினாங்க, டீச்சர். நான் ஒருத்திதான் வருஷா வருஷம் டிரங்குப் பெட்டி கட்டினேன். சாயங்காலம் திரும்பி வர்ற ஆளுக்கு நான் கட்டிக் குடுக்கறது இதான் மொத தபா."

அன்று நான் ஆவடியிலிருந்து திரும்பும்போது மணி ஐந்தரை. அவர் ஷிப்ட் முடிவது ஆறு மணிக்கு. அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அப்போதே கேட்டில் வந்து நின்றிருந்தாள்.