மடிப்புக் கதவின் இரு புறம்

அந்த வீட்டில் பெரியவள் என்றால் அவள். சின்னவள் என்றால் அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரை மணந்து ஒரே கூரையின்கீழ் வாழ வந்த இருவரையும் மாமியார் அப்படித்தான் அழைத்தாள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

பெரியவள் தையற்காரி. திரைச்சீலைகளும் சீருடைகளும் தைப்பவள். அவள் ஓட்டிய தையல் நூல் பிடித்தாற்போல் செல்லும். அவள் வைத்த மடிப்புத் துவைத்தாலும் கலையாது. அந்தத் தெருவின் சன்னல்களில் பாதி அவள் தைத்த துணியால் மறைந்திருந்தன. தன் நெஞ்சத்துக்கு மட்டும் அவளால் ஒரு திரை தைத்துக்கொள்ள முடிந்ததில்லை. எவரைக் கண்டு வயிறெரிகிறாள் என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டினாற்போல் தெரிந்துவிடும்.

தையலை அவளுக்குக் கற்பித்ததே அந்த எரிச்சல்தான். பிறந்த வீட்டில் புதுச்சட்டை அக்காளுக்கு. அக்காள் உடுத்திக் கழித்தது இவளுக்கு. சிறுமியாய் இருந்தபோதே ஒருநாள் அந்தப் பழஞ்சட்டையின் தையலைப் பிரித்தாள். வெளுத்துப்போன வெளிப்புறத்தை உள்ளே தள்ளி, நிறம் மங்காத உட்புறத்தை வெளியே கொணர்ந்து, திரும்பத் தைத்து உடுத்திக்கொண்டாள். அக்காளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்று உச்சி குளிர்ந்த குளிர்ச்சியைப் பெரியவள் வாழ்நாள் முழுதும் தேடிக்கொண்டிருந்தாள்.

மணமாகி வந்தபோது அந்த வீட்டின் நீண்ட அறை முழுவதும் அவளுடையதாய் இருந்தது. நடுவே நான்கு பலகை கொண்ட ஒரு மடிப்புக் கதவு உண்டு. ஆனால் அது எப்போதும் சுவரோரம் ஒடுங்கியே நிற்கும். கொழுந்தனுக்குத் திருமணமானதும் மாமியார் அந்தக் கதவை இழுத்துச் சாத்தச் சொன்னாள். ஓரறை ஈரறை ஆயிற்று. பெரிய பாதி பெரியவளுக்கே விடப்பட்டது. ஆயினும், இருந்ததில் பாதி போனவளுக்கு எஞ்சிய பாதி எவ்வளவு பெரிதானால் என்ன? சாத்திய கதவை ஒட்டி ஒரு ஸ்டாண்டைத் தள்ளி நிறுத்தி, அதன்மேல் தன் தையல் வருவாயில் வாங்கிய பெரிய டி.வி.யை ஏற்றினாள். இனி அந்தக் கதவு திறவாது என்பது அதன் பொருள்.

மாலைதோறும் வீடு முழுவதும் அவள் அறையில் கூடியது. ரிமோட் அவள் மடியில் இருக்கும். "பெரியவளே, அந்தத் தொடரைக் கொஞ்சம் போடேன்" என்று மாமியாரே கேட்க வேண்டும். கேட்டபின் ஒரு கணம் பொறுத்துத்தான் பொத்தான் அழுத்தப்படும். அவளுடைய ஆட்சி அவ்வளவே, சிறிதாயினும் ஆட்சி.

சின்னவள் ஒரு சர்வீஸ் சென்டரில் மானிட்டர்களும் லேப்டாப்களும் பழுது பார்ப்பவள். குரல் உயராதவள், சண்டைக்குக்கூடப் பிடி கொடுக்காதவள். பெரியவளுக்கு அவளிடம் பிடிக்காதது அதுதான்.

ஒருநாள் அவள் ஒரு பழைய மானிட்டரைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா இது, வேலை செய்யிற எடத்துக் குப்பையெல்லாம் வீட்டுக்கு வருது?"

"பின்னாடி இருக்கிற விளக்குதான் போயிடுச்சுக்கா. பேனல் நல்லா இருக்கு. புரொஜெக்டர் ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்னு."

"பண்ணு, பண்ணு. அப்படியே ஒரு ராக்கெட்டும் பண்ணிடு. உன் மாமியார் ஏறிப் போகட்டும்."

அதன்பின் சின்னவளின் அறைவாசலைக் கடக்கும்போதெல்லாம் பெரியவளின் கடைக்கண் உள்ளே சென்று திரும்பியது. மானிட்டரின் பிளாஸ்டிக் சட்டம் கழன்றது. முதுகுத் தகரம் கழன்றது. அதனுள் அடுக்கியிருந்த வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாய் உரிந்தன. இறுதியில் புகை படிந்தாற்போல் கருமையான ஒரு கண்ணாடித் தகடு மட்டும் எஞ்சியது. கொழுந்தன் பிளைவுட் அறுத்து ஒரு பெட்டி செய்தான். அதன் உட்புறமெல்லாம் கறுப்பு அடித்தான். பெட்டியின் ஒரு கோடியில் கண் கூசும் எல்.இ.டி. விளக்கு, அது சூடேறாதிருக்க ஒரு சிறு விசிறி, விளக்கின் ஒளியைச் சிதறாமல் சேர்த்துத் தர, வட்டவட்டமாய்க் கோடு கீறிய பிளாஸ்டிக் தகடு, அதற்கு முன் அந்தக் கருங்கண்ணாடி, மறுகோடியில், பழைய பள்ளிக்கூட இயந்திரத்திலிருந்து கழற்றிய லென்ஸ்.

அடக்க மாட்டாமல் பெரியவள் ஒருநாள் கேட்டுவிட்டாள்:

"இந்தக் கறுப்புக் கண்ணாடியில கலர் எங்கேருந்து வரும்?"

"கலரெல்லாம் வெளிச்சத்துக்குள்ளயே இருக்குக்கா. வேண்டாததை மட்டும் இது மறைக்கும். மிச்சம்தான் படம்."

"மறைக்கிறதுக்கு ஒரு மெஷினா? அதுக்குத்தானே நான் திரை தைக்கிறேன்."

சின்னவள் சிரித்தாள். நக்கலை நக்கலாகக்கூட எடுத்துக்கொள்ளாதவளை என்ன செய்வது?

முதல்நாள் காட்சி பெரியவளின் மனத்தில் பால் வார்த்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த சுவரில் படம் விழுந்தது. ஆனால் முகம் எது, மரம் எது என்று தெரியாமல் எல்லாம் கலங்கிக் கிடந்தது. கட்டிலடியில் தள்ளிவைக்க வாகாக இருக்கட்டும் என்று கொழுந்தன் பெட்டியைக் குட்டையாக அறுத்துவிட்டான். கிட்டத்துச் சுவரில் படம் தெளிய வேண்டுமானால் லென்ஸ் இன்னும் முன்னே நகர வேண்டும். நகரப் பெட்டியில் இடமில்லை.

"பரவால்லம்மா, முயற்சி பண்ணியே, அதுவே பெருசு" என்று பெரியவள் வாய்நிறையச் சொன்னாள். அவ்வளவு அன்பாக அவள் சின்னவளிடம் பேசி எவரும் கேட்டதில்லை.

அந்த அன்புக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் சின்னவள் பெட்டியை அறையின் நீளவாக்கில் திருப்பினாள். மடிப்புக் கதவின் தன் பக்கத்தில் ஒரு போர்வையைக் கட்டினாள். அத்தனை தொலைவு சென்றதும் ஒளி தெளிந்தது. முகங்கள் ஆளுயரத்துக்கு எழுந்தன. மாமியார் கட்டிலில் அமர்ந்தாள். பெரியவளின் கணவன் நிலைப்படியில் சாய்ந்தான். பெரியவளின் மகளோ, "சித்தி, சித்தி" என்று அங்கேயே குடியேறிவிட்டாள்.

பெரியவள் தன் அறையில் டி.வி.யைப் போட்டுக்கொண்டு தனியே அமர்ந்திருந்தாள். ரிமோட் மடியில் இருந்தது, கேட்பார் இல்லை. கதவுக்கு அப்பால் சிரிப்பொலி எழும்போதெல்லாம் ஒலியைக் கூட்டினாள். அவள் கூட்டக் கூட்ட, அவர்களும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

"யாருப்பா குறுக்க நிக்கிறது? ஹீரோயின் மூஞ்சியில உன் தலை தெரியுது" என்று மாமியார் கத்துவதும், "எங்கம்மா போவேன், சுவத்துக்குள்ளயா?" என்று மகன் முனகுவதும் கேட்டன.

டி.வி. ஸ்டாண்டின் பின்னே, கதவுப் பலகைகளின் இடுக்கில் ஒரு வண்ணக்கீற்று அசைந்தது. பெரியவள் எழுந்தாள். டி.வி.யின் மின்கம்பிகளை விலக்கி, கன்னத்தைப் பலகையில் அழுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். போர்வையின் பின்புறம் தெரிந்தது. அதில் படமும் தெரிந்தது; எழுத்துகள் மட்டும் வலமிருந்து இடமாய்த் திரும்பியிருந்தன. அழகாயிருந்தது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவள் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. இரண்டு துண்டை இணைத்த போர்வை அது. இணைப்புத் தையல் படத்தில் வருவோர் போவோர் கழுத்தையெல்லாம் அறுத்துக்கொண்டு கிடந்தது. ஓரம் சுருங்கி, நடுவே தொய்ந்து, ஒருவன் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை வயிறு தெரிந்தது.

வீட்டில் திரை தைப்பவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாத புண்ணாய் அது அவளுள் நின்றது.

காலையில் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "அந்தப் போர்வையைக் கழட்டிப் போடு. பார்க்கச் சகிக்கல."

"நீங்க எங்கக்கா பார்த்தீங்க?"

பெரியவள் திகைத்தாள். "நான் எங்க பார்த்தேன்? கேள்விப்பட்டேன்."



பெரியவள் கடையெல்லாம் ஏறி இறங்கி, ஒட்டுப்போடத் தேவையில்லாத அகலத்தில் மெல்லிய வெள்ளை லைனிங் துணி வாங்கினாள். மேலே கம்பி நுழைய ஒரு மடிப்பு. கீழே துணி விறைத்து நிற்கக் கனமான குழாய் நுழைய ஒரு மடிப்பு. ஒரு சுருக்கமில்லை, ஒரு தொய்வில்லை. சின்னவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா மெல்லிசு. வெளிச்சம் பின்பக்கம் போயிடும்."

"குத்தம் சொல்லாம இருக்க முடியாதே."

"குத்தமில்லக்கா. கதவைத் திறந்து நடுவுல இதைத் தொங்க விட்டா, பெட்டி என் ரூம்ல இருக்கும், படம் உங்க ரூம்ல தெரியும். உங்க ரூம் பெருசு, எல்லாரும் உக்காரலாம். யாரும் குறுக்க நிக்கவும் மாட்டாங்க." சற்றுத் தயங்கினாள். "ஆனா உங்க டி.வி.யை நகர்த்தணும். வேணாம்னா விட்டுடலாம்."

தான் தைத்த வலையில் தானே சிக்கியதைப் பெரியவள் உணர்ந்தாள். கதவு திறந்தால், டி.வி. ஏறியிருந்த அரியணை போகும். திறவாவிட்டால், துணி மடித்தபடியே கிடக்கும். கூட்டம் அப்பக்கமே இருக்கும். இரண்டையும் நெஞ்சில் நிறுத்துப் பார்த்தாள். ஆள் இல்லாத அறையில் அரியணைக்கு என்ன பெருமை? எல்லாரும் தன் அறைக்குத் திரும்புவர்; தன் துணியைத்தான் பார்ப்பர். டி.வி.யை அவளே மூலைக்குத் தள்ளினாள். கண்ணில் படாதிருக்க ஒரு துணியும் போர்த்தினாள். கொழுந்தன் மடிப்புக் கதவை இழுக்க, நெடுநாள் அசையாத பலகைகள் முனகிக்கொண்டே சுவரோரம் ஒடுங்கின.

அன்று மாலை விளக்கணைத்ததும் அந்த வெள்ளைத்துணி முழுவதும் ஒரு கடல் வந்து நின்றது. தையலே இல்லாத கடல். மாமியார் வியந்தாள்.

"பெரியவ கைன்னா கைதான். துணி இருக்கிறதே தெரியல பாரு."

பெரியவள் ஸ்டூலில் நிமிர்ந்து அமர்ந்தாள். அக்காளின் சட்டையைத் திருப்பித் தைத்த அன்று குளிர்ந்த உச்சி, இத்தனை காலம் கழித்து மறுபடியும் குளிர்ந்தது.

அப்போதுதான் மகள் சொன்னாள்: "பாட்டி, எழுத்தெல்லாம் நேரா இருக்குல்ல? துணிக்குப் பின்னாடியிருந்து பார்த்தா திரும்பித்தான் தெரியணும். சித்தி பெட்டிக்குள்ள அந்தக் கறுப்புக் கண்ணாடியை முன்பின்னா மாத்தி வெச்சிட்டாங்க. இப்ப அவங்க பக்கம்தான் திரும்பித் தெரியுது."

"அடப் பாவமே. நமக்கு நேரா காட்டிட்டு, அவ திரும்பினதைப் பார்த்துட்டு உக்காந்திருக்காளா?"

"ஆமா பாட்டி. தனியா."

"அந்த மனசு யாருக்கு வரும்?" என்றாள் மாமியார்.

"தங்கமான பொண்ணும்மா" என்றான் பெரியவளின் கணவன்.

குளிர்ந்த உச்சி கொதித்தது. துணிக்குக் கிடைத்த புகழ் ஒரு வாய்; மனத்துக்குக் கிடைத்த புகழ் இரண்டு வாய். தன் அறையில், தன் திரைக்கு முன், தன் கணவன் வாயாலேயே சின்னவள் தங்கமாகிவிட்டாள். இத்தனைக்கும் அவள் அங்கு இல்லவே இல்லை. இல்லாமலே வெல்கிறவளை எப்படி வெல்வது?

பெரியவள் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே?" என்றான் கணவன்.

"மனசு எல்லாருக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நடைவழியே சுற்றிச் சென்று சின்னவளின் அறைக்குள் நுழைந்தாள். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அதனருகே தரையில் அமர்ந்து, சின்னவள் விசிறியின் வாயில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அந்தக் கடலின் ஒளி அசைந்தது.

"இங்க ஏன்க்கா வந்தீங்க? இந்தப் பக்கம் எல்லாம் திரும்பித் தெரியும்."

"தெரியட்டும். தையக்காரிக்குத் துணியோட உள்பக்கம் புதுசா?" ஸ்டூலை அழுத்திப் போட்டு அமர்ந்தாள்.

இருவரும் திரையைப் பார்த்தனர். எழுத்துகள் பின்னோக்கி ஓடின. வலக்கையர் எல்லாரும் இடக்கையராய் உண்டனர். துணிக்கு அப்பாலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "ரெண்டு பேருமே நல்லவளுங்கதான்."

இரண்டு பேரும். பெரியவள் உதட்டைக் கடித்தாள். ஒருத்தி என்று சொல்லியிருக்கலாம். அவள் கண் பெட்டியின் முகப்பில் இருந்த லென்ஸ்மேல் சென்றது. அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருந்தது.

"இதைத் திருப்பினா என்ன ஆகும்?"

"தெளிவு கூடும், குறையும். ஆனா நான் சரியா வெச்சிட்டேன்க்கா."

"இருந்துட்டுப் போகட்டும்." ஊசியில் நூல் கோக்கும் விரல்களால், மயிரிழை மயிரிழையாய் வளையத்தை நகர்த்தினாள். திரையில் கடலோரம் நின்ற ஒரு பெண்ணின் கூந்தல் இழை இழையாய்ப் பிரிந்தது.

"ஆ, இப்பத்தான்" என்றாள் அப்பால் மாமியார். "இத்தனை நேரம் ஒரு மாதிரி மங்கலா இருந்தது. யார் சரி பண்ணது?"

"அம்மாவா இருக்கும் பாட்டி. அவங்கதானே இப்பப் போனாங்க."

சின்னவள் லென்ஸைப் பார்த்தாள்; பிறகு திரையைப் பார்த்தாள். உதடு ஒருபுறம் இறுகியது; மூக்கின் நுனி சற்றே விடைத்தது; கண் தாழ்ந்தது. எல்லாம் ஒரு நொடிதான். அடுத்த நொடி அவள் தன் வழக்கமான முகத்தை எடுத்து அணிந்துகொண்டாள்.

ஆனால் பெரியவள் பார்த்துவிட்டாள். அந்த முகத்தை அவள் நன்கறிவாள். நாள்தோறும் கண்ணாடியில் தலைவாரும்போது எதிர்நின்ற முகம் அது. தங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. தன்னைப்போல் வயிறெரியும் ஒருத்தி. கதவு சாத்திய நாள்முதல் இவளிடம் தான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தானோ என்று தோன்றியது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றாள் பெரியவள். முதல்நாள் படம் கலங்கியபோது சொன்ன குரலில் அல்ல.

"அடுத்த தடவை பெட்டியைக் கொஞ்சம் நீளமா வெச்சுப் பண்ணணும்" என்றாள் சின்னவள், இன்னும் லென்ஸையே பார்த்தபடி. "அப்ப யார் கையும் படவேண்டாம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டூலை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கையை வளையத்திலிருந்து எடுக்கவில்லை.