ஸ்டானிஸ்லாஸ் கிராணியின் கைக்குட்டை

எங்க ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி ஸ்டானிஸ்லாஸுக்கு வெள்ளைக்காரத் துரையைக் கண்டாகூட அவ்வளவா பயம் கெடையாது. பக்கத்துல எவனாவது தும்மினா மட்டும் ஆளு ஆடிப்போயிருவாரு. மலாயாவுல செமோர் ஊரு தாண்டி இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ கிராணிமாரு வந்து போயிட்டாங்க. குடிகாரன் இருந்தான், சண்டைக்காரன் இருந்தான், பொம்பளைங்களைப் பாத்துப் பல்லைக் காட்டுறவன் இருந்தான். அடுத்தவங்க மூக்கைப் பத்தியே கவலைப்பட்டது இவரு ஒருத்தருதான்.

அவரு கோட்டுப் பையில ஒரு வெள்ளைக் கைக்குட்டை எப்பவும் இருக்கும். ஓரத்துல அவரு பேரோட மொத எழுத்தை அவரு சம்சாரம் ரோசம்மா சிவப்பு நூல்ல தச்சுக் குடுத்திருந்தாங்க. ஈப்போ மருந்துக் கடையில வாங்கின தைலத்தை அதுல ஊத்தி நனைச்சு வச்சுக்குவாரு. காத்துல காய்ச்சல் இருக்குன்னு அவருக்குத் தோணினா தீந்துச்சு, விடியக்காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கிற ஆளுங்க அத்தனை பேரும் அதை மோந்துட்டுத்தான் பால் மரம் சீவப் போவணும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. வெள்ளைக்காரனுங்க ஒலகச் சண்டை முடியிற சமயத்துல வந்துச்சே பெரிய காய்ச்சல், அதுல அவரோட ஒரே பையன் ஆம்புரோஸ் செத்துப் போனான். வெளையாட்டுப் பிள்ளை. "கைக்குட்டை அவன்கிட்ட கடைசியாத்தான் போச்சு மங்களம். மொதல்லயே மோந்திருந்தா பொழச்சிருப்பான்"னு என்கிட்டயே எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. நானும் உச்சுக் கொட்டுவேன்.

அது நடந்து சில வருஷம் கழிச்சு, கோலா கங்சாருக்குக் கட்டிக் குடுத்த மக கெர்ட்ரூட் தலைப்பிரசவத்துக்கு வந்தா. நல்லபடியா ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட என்னையத்தான் கூப்பிட்டாங்க. பிள்ளை எலிக்குஞ்சு மாதிரி இருந்தான், பால் குடிக்கவே மூச்சு வாங்குவான். அந்த நேரம் பாத்தா ஆளுங்க குடியிருக்கிற லயத்துல இருமல் கெளம்பணும்?

கிராணி வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. பிள்ளை பாக்க வர்றவங்க யாரா இருந்தாலும் மோந்துட்டுத்தான் உள்ள போவணும். பால் மரம் சீவுற பத்துமலை மோந்தான். மூக்குல ஒழுக ஒழுக வந்த அப்பாவு மோந்தான். அதே துணியை அடுத்து நான் மோந்தேன், எனக்கப்புறம் முத்தம்மா. எல்லாம் முடிஞ்சதும் கிராணி அதுலயே தன் மூஞ்சியையும் தொடைச்சு, மடிச்சுப் பையில வச்சுக்குவாரு. அடடா, என்னா சுத்தம்!

"ஐயா, ஒங்களுக்கும் மூக்கு ஒழுகுதே?"ன்னு கேட்டேன்.

"தைலத்தோட காரம் மங்களம்."

"தும்மலும் வருதே?"

"நோவு வெளிய ஓடுது. ஒனக்கு என்ன தெரியும்?"

மறுநாளு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. "நீ சரியா இழுத்திருக்க மாட்டே"ன்னு என் மேலயே பழியைப் போட்டாரு மனுஷன். நான் வெந்நித் தவலையோட போனா, கெர்ட்ரூட் ரூம்பு வாசல்லயே மறிச்சுட்டா.

"அக்கா, கொரல் கம்மிக் கெடக்கு. உள்ள வராதீங்க. தண்ணியை அங்கயே வச்சுட்டுப் போங்க."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பிள்ளை பூமியில விழுந்ததுலேருந்து தொட்டுக் குளிப்பாட்டினவ நானு, என்னையப் போயி வராதேங்குறாளே! தவலையை ணங்குன்னு வச்சுட்டுத் திரும்பினா, பின்னாலயே கிராணி வாராரு. கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு.

"ஞாயித்துக்கெழமை ஈப்போ கோயில்ல ஞானஸ்நானம். அவ்வளவு கூட்டத்துல பிள்ளையைச் சும்மா கொண்டு போக முடியுமா? இன்னிக்கே மோந்துரட்டும்"ன்னாரு.

கதவு படார்னு சாத்திக்கிச்சு. உள்ள தாப்பாள் விழுந்துச்சு.

"கெர்ட்ரூட்! இது என் வீடு லா! துரை வீட்டுக் கதவே எனக்குத் தெறக்கும், நீ சாத்துறியா?"

"சாத்துவேன்ப்பா."

"மோந்தாத்தான் பிள்ளை பொழைக்கும். ஒன் தம்பியைப் பறி குடுத்தவன் சொல்றேன், கதவைத் தெற!"

உள்ளேருந்து அவ மெதுவாத்தான் பேசினா, எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு.

"தம்பி அன்னிக்கு நல்லாத்தான் வெளையாடிக்கிட்டு இருந்தான்ப்பா. காய்ச்சல்ல கெடந்தவங்க எல்லாரும் மோந்த துணியைக் கொண்டாந்து நீங்கதான் அவன் மூக்குல வச்சீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஐயோ, அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே. எனக்கு அது வரைக்கும் இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. கைக்குட்டை கை நழுவிக் கீழ விழுந்துச்சு. அதைக் குனிஞ்சு எடுக்காம, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து போயிட்டாரு.

அன்னிக்குச் சாயந்தரமே அவருக்குக் காய்ச்சல். அடுத்து ரோசம்மா. மோந்த புண்ணியவான்கள் அத்தனை பேரும் லயத்துல வரிசையாப் படுத்தாங்க. ஞானஸ்நானம் தள்ளிப் போச்சு. எனக்கு ஒடம்பு தேறினதும், கஞ்சியை ரூம்பு வாசல்ல வச்சுட்டு நான் முத்தத்துக்குப் போயிருவேன். பெறகுதான் கெர்ட்ரூட் கதவைத் தெறந்து எடுத்துக்குவா. உள்ள ஒரு இருமல் கேக்குதான்னு தெனமும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். பிள்ளை அழுவுற சத்தந்தான் கேட்டுச்சு. அப்பாடான்னு இருக்கும்.

வாசல்ல கெடந்த அந்தக் கைக்குட்டையைக் குச்சியால தூக்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டேன். நல்லா வெந்ததும் காயவச்சு, பிள்ளைத் துணிங்களோட துணியா கெர்ட்ரூட்டுக்கு அனுப்பிட்டேன்.

கிராணிக்குக் காய்ச்சலும் சளியும் வத்தினப்புறம் ஒரு நாளு காலையில, யாரும் சொல்லாமலே கொழாயடிக்குப் போனாரு. சவுக்காரம் போட்டு மொழங்கை வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாரு. அப்புறம் மக ரூம்பு வாசல்ல வந்து நின்னாரு. கூப்பிடலை, சும்மா நின்னாரு. கெர்ட்ரூட்டே வெளிய வந்து பிள்ளையை அவரு கையில குடுத்தா.

பிள்ளை இடுப்புல கட்டியிருந்த துணியில செவப்பு நூல் எழுத்து தெரிஞ்சுச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. பிள்ளை சாவகாசமா அதுலயே ஒண்ணுக்குப் போச்சு. எத்தனையோ வருஷத்துல அந்தத் துணி உருப்படியா ஒரு வேலை பாத்தது அன்னிக்குத்தான்.

"கெர்ட்ரூட்... ஆம்புரோஸுக்கு அன்னிக்கு நான்..."

"தலையைப் பிடிங்கப்பா, தொங்குது பாருங்க."

பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி கொட்டுச்சு. ஒரு கை பழக்கத்துல கோட்டுப் பைக்குப் போயி, வெறும் பையைத் தடவிட்டுத் திரும்பி வந்துச்சு. தைலத்தோட காரம்னு இந்தத் தடவை அவரு சொல்லலை.