சுத்தக் கொட்டன்

இத்தாவில் வெள்ளைதான் உடுக்க வேண்டுமென்று மார்க்கத்தில் இல்லை. அது ஊர் வழமை. கணவர் மவுத்தாகிவிட்டால் பெண் நாலு மாதத்துக்கு மேல் இத்தா என்று வீட்டோடு இருக்க வேண்டும், அதுவும் வெள்ளையில். கல்முனைக்குடியில் யார் அதை எதிர்த்துக் கதைக்கிறது?

என் கணவர் போன பிறகு வீட்டோடு இருக்கிறதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் துணிதான் என்னைக் கொன்றது. முதுகில் ஒட்டிக்கொண்டு, வியர்வையை வெளியே விடாமல், கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து... சீ! நானே தையல்காரி. ஊரில் பாதிப் பேருக்குக் கறுப்பு பொலியெஸ்டரில் அபாயா தைத்துக் கொடுத்தவள். அபாயாவுக்குள் அவிந்தால் வீட்டுக்கு வந்து கழற்றிப் போடலாம். வீட்டுக்குள்ளேயே அவிந்தால் எங்கே போவது? கதவும் அடைப்பு, ஜன்னலும் அடைப்பு.

அவர் இருந்த காலத்தில் என் தொழிலைப் பகிடி பண்ணாத நாளில்லை. "பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தைக்கிறவள்" என்பார். பஞ்சில் நெய்த கொட்டன் சாரனைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஒத்துவராது. ஒரு பெருநாளைக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த பொலியெஸ்டர் கலப்புச் சாரனை, தொழுதுவிட்டு வந்ததும் அவிழ்த்தெறிந்து, "மனிசன் மூச்சு விடுறதில்லையா?" என்று கத்தினார். எனக்கு வந்த கோபத்தில் அன்று புரியாணியை அவருக்கு முன்னால் தொப்பென்று வைத்தேன்.

இத்தாவுக்குத் துணி எடுத்து வந்தவள் அடுத்த வீட்டிலிருக்கும் என் தங்கச்சி. ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சோறு கொண்டுவந்தவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"இத கொட்டன் என்டு ஆருடி உனக்குத் தந்த?"

"சுத்தக் கொட்டன் ராத்தா. கடக்காரன் சத்தியம் பண்ணித் தந்தான்."

"சத்தியத்த உடுக்க ஏலுமா? நெருப்புப் பெட்டிய எடு."

ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினேன். முழுப் பஞ்சென்றால் கடதாசி போல எரிந்து வெறும் சாம்பல்தான் மிஞ்ச வேண்டும். சாம்பல் வந்தது. தேய்த்துப் பார்த்தேன், நடுவில் கறுப்பாக, கல்லு மாதிரி ஓர் உருண்டை. உள்ளே பொலியெஸ்டர் இழை, அதைச் சுற்றிப் பஞ்சு. கைக்குக் கொட்டன், உடம்புக்குப் பிளாஸ்டிக். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

அவள் விடவில்லை. "சும்மா கதைக்காதீங்க ராத்தா! மச்சான்ட கபனுக்கும் இதே ரோல்லதான் வெட்டின. மண்ணுக்குள்ள போற மையித்துக்குப் போர்த்துற துணியில கள்ளம் செய்வானா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

யா அல்லாஹ்! அந்த மனிதரை இதிலா சுற்றி, முடிச்சும் போட்டு, மண்ணாலும் மூடினார்கள்? எனக்கென்றாலும் ஒரு தவணை இருக்கிறது. இத்தா முடிந்தால் கழற்றிவிடலாம்.

"நான் வேற துணி எடுத்திட்டு வாறன் ராத்தா," என்று அழுதாள்.

"வேணாம்."

"உடம்பெல்லாம் புண்ணாகுது..."

"வேணாம் என்டு சொல்றேனே. இதுவே கிடக்கட்டும்."

இத்தா முடியும்வரை அதையே துவைத்துத் துவைத்து உடுத்தேன்.