மொன்றியலுக்குப் போன பொடி

என் மாமா ஒரு கொலைகாரர் என்று நான் ஒருமுறை உறுதியாக நம்பியிருந்தேன். யாரைக் கொன்றார் என்பது தெரியாது. ஆனால் செத்தவரை வெள்ளை வேட்டியில் சுற்றிக் காரின் பின்பக்கத்தில் கிடத்தி, ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குக் கொட்டுகிற பனிக்குள்ளால் கொண்டு போகிறார் என்பதும், அந்தக் காரின் முன் இருக்கையில் கையில் பிஸ்கற்றோடு இருப்பது நான்தான் என்பதும் எனக்கு மிக நன்றாகத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன தெரியவேண்டும்?

முழுப் பழியையும் நான் ஏற்கமாட்டேன். பாதிப் பழி எங்கள் தமிழுக்கு உரியது. யாழ்ப்பாணத்தார் வாயில் பிரேதத்துக்குப் பெயர் பொடி. ‘பொடி எத்தினை மணிக்கு எடுக்கினம்?’ என்று போனில் கேட்டுக்கொண்டுதான் செத்தவீட்டுக்கு வெளிக்கிடுவார்கள். காரின் உடம்புக்கும் அதே பொடிதான். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குப் பிறந்த பிள்ளைகள். செத்தவீட்டுப் பொடி எனக்குப் பழக்கம். காருக்கும் அப்படி ஒன்று இருப்பதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்றின் ஹோலில், சோபாவில் படுத்து எழும்புகிறவர். சோபாவுக்கு மேலே, மாலை போட்ட படத்துக்குள் அவருடைய அண்ணன் இருந்தார். அவர் என் பெரிய மாமா. ஊரில் காய்ச்சல் வந்து செத்துப்போனார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் எனக்குச் சற்று மேல் சுட்டாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் பயத்தோடு பார்ப்பேன்.

அந்தக் குளிர்காலத்துக்குச் சற்று முன்னர் சின்ன மாமா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். சிவப்பு நிறம். என்னைவிட வயது கூடியது. இரண்டே இரண்டு இருக்கை. மற்றக் கார்களில் ஏறுவார்கள், இதற்குள் இறங்கவேண்டும், கிணற்றுக்குள் இறங்குவதுபோல. முன்விளக்குகள் மூடிக்கொண்டு படுத்திருக்கும். சுவிச்சைத் தட்டினால் எழும்பும். ஆனால் அவற்றில் ஒன்று மட்டுமே எழும்பியது. மாமா பிளாசாவுக்குள் நுழைந்தால் கார் ஊர்ப் பெண்டுகளுக்கெல்லாம் கண்ணடித்துக்கொண்டு போகும். ஹீற்றர் ஒரே நிலையில் இறுகி, நெருப்பாய் ஊதும். டிக்கி என்று தனி அறை இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதற்கு மேல் சாய்ந்த கண்ணாடி. முன்னுக்கு, ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில், கறுப்புக்கண்ணாடி போட்ட ஒரு நாய்ப் பொம்மை. கார் அசைந்தால் அது தலையை ஆட்டும். அந்தக் காரில் பழுதில்லாமல் வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான்.

மொன்றியலில் மாமாவுக்கு ஒரு பெண் பேசி வந்தது. போய்ப் பார்க்கவேண்டும். “சினோ கொட்டப் போகுதாம். பஸ்ஸில போமன்” என்றார் அப்பா.

“பஸ்ஸில வந்து இறங்கிற மாப்பிள்ளைக்கு ஆர் அத்தான் பொம்பிளை குடுப்பினம்? ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிறார் எண்டு புரோக்கர் சொல்லிப்போட்டார். இனிக் காரில்லாமல் நான் போனால், என்னைத் தெரியாது எண்டிடுவினம்.”

ஆண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்று வேலை. எஞ்சிய உறவினர் நான் ஒருவன். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்ற பதவியில் நான் அமர்த்தப்பட்டேன்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் மாமா தன் சிநேகிதன் ஒருவரோடு போனில் கதைத்தது என் காதில் விழுந்தது. கட்டிலில் சித்திரக்கதை வாசித்துக்கொண்டிருந்த நான் எழும்பி உட்கார்ந்தேன்.

“பொடி சரியில்லை மச்சான். கீழ்ப்பக்கம் எல்லாம் உக்கிப்போச்சு. தொட்டால் கையோட வருகுது... ஓமோம், வடிவா மூடிப்போட்டன். இனி ஒரு குருவிக்கும் தெரியாது... பின்ன? மொன்றியலில கொண்டுபோய் அலுவலை முடிச்சிட்டால் அதுக்குப் பிறகு ஆர் என்னைக் கேக்கிறது?”

அப்போதும் நான் நம்பவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கார்த் தரிப்பிடத்துக்குப் போனபோது நம்பினேன். பின்பக்கப் பள்ளத்தில், மாமாவின் பழைய வேட்டியில் தலை முதல் கால் வரை சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டி, ஓர் ஆள் படுத்திருந்தார். கட்டையான ஆள். அவருடைய வயிற்றின்மேல் அம்மா ஒரு பார்சலை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னேன். “அம்மா, மாமாவின்ர காருக்குள்ள பொடி இருக்கு.”

அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. “காரெண்டால் பொடி இருக்கும்தானே. பொடி இல்லாமல் ஓடுமே? உன்ர சப்பாத்துக் கயிறைக் கட்டு முதல்.”

அம்மாவும் உடந்தை! அன்று காலை எனக்கு உலகத்தில் எவரும் மிஞ்சவில்லை.

ரூஜ் பள்ளத்தாக்கைத் தாண்டி நெடுஞ்சாலையில் கார் கிழக்கே ஓடியது. பனி, வேட்டி நிறத்தில், எதிரேயிருந்து வந்துகொண்டே இருந்தது. மாமா உற்சாகமாக இருந்தார். பெண் எப்படியிருந்தால் நான் தலையை எப்படி ஆட்டவேண்டும், பலகாரம் எத்தனை எடுக்கலாம் என்றெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார். நான் மூச்சு விடுவதில் கவனமாக இருந்தேன். ஏனென்றால் மணம் தொடங்கிவிட்டது. நெருப்பு ஹீற்றரில் பின்னால் படுத்திருந்தவர் மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருந்தார். மாமா மூக்கைச் சுளித்து, “கொம்மா சும்மா இருக்கமாட்டா” என்றார். கொலைக்குக் காரணமே அம்மாதான் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு வளைவிலும் பின்னால் அவர் சற்றுப் புரளுவார். நான் திரும்பிப் பார்ப்பேன். “என்னடா, பின்னால என்னத்தைப் பாக்கிறாய்?” என்பார் மாமா. “ஒண்டுமில்லை மாமா” என்பேன். நாய்ப் பொம்மை தலையை ஆட்டும்.

கிங்ஸ்ரனைத் தாண்டிய பிறகு ஒரு பெரிய லொறி எங்களை முந்திப் போனது. அது வீசிய பனியில் கண்ணாடி முழுக்க வெள்ளையானது. மாமா பிரேக்கைத் தொட்டார், தொட்டிருக்கக் கூடாது. கார் தன் பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் அரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் பனிமேட்டுக்குள் போய்க் குந்தியது. பின்னால் இருந்தவர் எழும்பி வந்து என் இருக்கையில் மொத்தென்று இடித்தார். நான் போட்ட சத்தம் மொன்றியலில் பெண் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“அடி பட்டதோ? எங்க, காட்டு பாப்பம்” என்று மாமா என் தலையைத் தடவினார். அந்த நேரத்தில்தான் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் வந்து நின்றது.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். உதவி செய்யத்தான் வந்தார். மாமாவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். மாமா சிரித்தபடி தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பிறகு பொலிஸ்காரர் என் பக்கம் வந்தார். கண்ணாடியை இறக்கினேன். உள்ளே இருந்த மணம் முதலில் வெளியே போய் அவரைச் சந்தித்தது. அவருடைய முகம் மாறியது. இவர் உன் அப்பாவா என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். பயந்துபோய் இருக்கிறாயா? ஓமென்று ஆட்டினேன். என் கண் திரும்பத் திரும்பப் பின்னால் போவதைக் கவனித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்றார்.

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். ஆட்டத் தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. முன்னால் நாயும் ஆட்டியது. சாட்சிகள் இருவரும் ஒரே குரலில் சொன்ன மாதிரி ஆயிற்று.

பொலிஸ்காரர் இரண்டடி பின்வாங்கி, மாமாவை இறங்கச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்ட முகம். கதவைத் திறந்து இறங்கினார். ஒருவரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போட்ட புதுக் காற்சட்டையோடு, பனிக்குள் முழங்காலில் இருந்தார்.

பொலிஸ்காரரே திடுக்கிட்டுப்போனார். வேண்டாம் ஐயா, எழும்புங்கள், எழும்புங்கள் என்றார். மாமா எழும்பவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. குற்றவாளிதான், இனி வேறு சாட்சி தேவையில்லை என்று நான் முடிவு கட்டினேன். அதே நேரத்தில், மாமா இல்லாவிட்டால் சனிக்கிழமைகளில் என்னை யார் நீச்சலுக்குக் கூட்டிப்போவது என்று நினைத்து விம்மி விம்மி அழுதேன். இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

பின்கண்ணாடி திறக்கப்பட்டது. மணம் முழு வீச்சில் கிளம்பியது. பொலிஸ்காரர் ஒரு கையால் மூக்கையும் மறு கையால் இடுப்புத் துவக்கையும் பிடித்தார். பிறகு பேனாக்கத்தியால் மெல்லக் கயிற்றை அறுத்தார். வேட்டி விலகியது.

மண்.

இரண்டு நீட்டு மண்மூட்டைகள், தலைமாடு கால்மாடாக. பின்சில்லால் இழுபடுகிற கார் பனியில் வழுக்காமல் இருக்க, பின்பக்கத்துக்குப் பாரம் வைப்பது வழக்கமாம். மண் கொட்டிக் காரை ஊத்தையாக்காமல் இருக்க வேட்டியாம். வயிற்றின்மேல் இருந்த பார்சலில், மொன்றியலில் இருக்கும் தன் பள்ளித் தோழிக்கு அம்மா கொடுத்தனுப்பிய கருவாடு. ஹீற்றர் சூட்டில் அது பாதி பொரிந்திருந்தது.

பொலிஸ்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு மூட்டையைப் பிரித்து மண்ணைச் சில்லுக்கு முன்னால் தூவி, தன் தோளைக் கொடுத்துக் காரைத் தள்ளியும் விட்டார். மாமாவின் கையைப் பிடித்துத் தூக்கி, முழங்காலில் இருந்த பனியையும் அவரே தட்டிவிட்டார்.

கார் வீதிக்கு வந்த பிறகும் மாமா ஓட்டவில்லை. ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“என்னடா சொன்னனீ அவனுக்கு?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை மாமா. தலையை மட்டும்தான் ஆட்டினனான்.”

மாமா நாய்ப் பொம்மையைப் பார்த்தார். அதைப் பிய்த்தெடுத்து, கண்ணாடியை இறக்கி, பனிக்குள் எறிந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவ்வளவு நேரம் ஒருவர் சிரித்து நான் கண்டதில்லை. “ஒரு காருக்கு ஒரு தலையாட்டி போதுமடா” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாயின் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

மொன்றியலில் பெண் வீட்டார் காரை வந்து பார்த்தார்கள். துருப்பிடித்து உக்கிய கார்ப் பொடியை மாமா பூசி மூடியது எவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய் அவர் கதையை எடுத்துவிட்டார். கருவாடு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்து உருண்டார்கள். பெண்ணும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது கேட்டது. கடைசியில் மாமா என் தோளில் தட்டி, “உவர்தான் என்ர தலையாட்டி” என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. பெண்ணின் தகப்பன் எடுத்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். “விளையாட்டுக்கும் உந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ தம்பி. பிள்ளை பாவம்” என்றார் தாய்.

மொன்றியல்காரருக்குப் பகிடி விளங்காது என்று நினைத்துக்கொண்டு, தகப்பன் விட்ட வடையை நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

ஸ்காபரோவுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் ஓடிப்போய், மாமா எனக்குத் தலையாட்டி என்று பட்டம் தந்திருக்கிறார் என்றேன். அம்மா அடுப்பை அணைத்தார். ஹோலுக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். அன்று தோசை கிடைக்கச் சுணங்கியது. அதுதான் எனக்குக் கவலை.

மாமா ஒருநாளும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த பெண்தான், என் மாமியாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கு மீசை முளைத்து நரைக்கவும் தொடங்கிய காலத்தில், சொன்னார்.

பெரிய மாமாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. ஆண்கள் எல்லோரையும் கோயில் வீதியில், கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, முழங்காலில் இருத்தினார்கள். ஜீப்புக்குள், கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கை முகத்தில் போட்டுக்கொண்டு ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் கொண்டுபோனார்கள். அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அவனைப்போன்றவர்களுக்கு ஊரில் தலையாட்டி என்று பெயர்.

பெரிய மாமா போனபோது அவன் தலையை ஆட்டினான். அடுத்ததாகச் சின்ன மாமா போனார். அவன் ஆட்டவில்லை.